கெல்சியின் இடது தோள்

ஜனவரி 12, திங்கள்

மழை. நூலகத்தில் காலை முழுக்க ஆளே இல்லை. ஹீட்டர் பக்கத்து நாற்காலிகளில் தூங்க வருகிற இருவர் மட்டும். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன். ஸ்கேனைப் பார்த்துவிட்டார்களாம். மதியம் போனேன்.

அதே முழங்கால். அதே லிகமெண்ட். டாக்டர் படத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டார். நடக்கலாம், மாடி ஏறலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று அடுக்கினார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ரக்பி லீக் ஆடுகிறேன். இருபத்தொன்பது வயதாகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது.

இதற்குப் பெயர் துக்கம்தானா?

ஜனவரி 14, புதன்

அப்பா: "இன்னொரு டாக்டரைப் பாரு."

"இவரே இன்னொரு டாக்டர்தான்ப்பா."

"அப்போ மூணாவதா ஒருத்தர்."

சாயங்காலம் கெல்சி வந்தாள். உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் குனிந்து என் முழங்காலைப் பார்த்து, "துரோகி" என்று அதைத் திட்டினாள். பிறகு என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வாங்கி வந்த சிப்ஸை முக்கால்வாசி அவளே தின்றாள்.

கெல்சி ஸ்டாதர்ஸ். ட்ராலர்ஸ் அணியில் என் பக்கத்திலேயே இத்தனை வருஷம் ஆடியவள், இப்போது கேப்டன். கீழே கிடக்கிற பந்தை நான் எடுத்து வீசுவேன், அவள் வாங்கிக்கொண்டு ஓடுவாள். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அவள் அங்கே இருப்பாள்.

"இனிமே யாருடி எனக்குப் பந்து குடுப்பா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். மிச்சச் சிப்ஸை என் பக்கம் தள்ளினாள்.

ஜனவரி 29, வியாழன்

நூலகத்தில் ஒரு அம்மா பெரிய எழுத்துத் துப்பறியும் நாவலோடு மேசைக்கு வந்தார். "கொலைகாரன் யாருன்னு சொல்லிடாத செல்லம்." முத்திரை குத்திக் கொடுத்த பிறகும் நகரவில்லை. குரலைத் தாழ்த்தி, "நான் பிரெண்டா. கேரிசன் கிளப். பொண்ணுங்க டீமை நான்தான் பாத்துக்கறேன். எங்க கோச் கனடாவுக்குப் போயிட்டான். காதலாம். நீ வர்றியா?"

"நான் ஆத்துக்கு இந்தப் பக்கம்."

"தெரியும். அதனாலதான் தெருவுல நிறுத்திக் கேக்காம இங்க வந்து கிசுகிசுன்னு கேக்கறேன்."

இந்த ஊரில் ஆற்றைத் தாண்டிக் கல்யாணம் கட்டலாம். ஆட்டத்துக்குத் தாண்டக் கூடாது. மேற்கே நாங்கள், ட்ராலர்ஸ், கறுப்பு வெள்ளைச் சட்டை. கிழக்கே அவர்கள், கேரிசன், சிவப்பு வெள்ளை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் உடனே மறுக்கவில்லை?

பிப்ரவரி 1, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். அப்பா பன்றிக்கறி பேக்கன் சாப்பிடாதவர். மதம், டாக்டர், ஒன்றும் காரணமில்லை. பேக்கன் அவர்களுடைய சட்டை மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கிறது. அது அவருடைய அப்பா வீட்டிலும் நுழைந்ததில்லை.

"அங்க போனா முதல் நாளே தட்டுல அதைத்தான் வைப்பாங்க."

"வெச்சா திங்கறேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

கெல்சியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போடி, போய் அதுங்களுக்குப் பந்து எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் குடு. புனித வெள்ளி மேட்ச்ல நாங்க வந்து உங்களை அடிச்சுட்டுப் போறோம்."

பிப்ரவரி 3, செவ்வாய்

சரி என்று சொல்லிவிட்டேன். மகிழ்ச்சியா பயமா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் பயிற்சிக்கே தாமதம். ஏதோ ஒரு படகுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். காரை நிறுத்திவிட்டு, ரோடு செங்குத்தாக வானத்தைப் பார்த்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போ என்கிறதோ? படகைப் பார்த்தேன். அதில் ஒரு ஆளும் ஒரு நாயும். அவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை.

மைதானத்தில் இருபது பேர் குளிரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டெஸ் மாவ்சன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள்; கேப்டன்; ஒரு கதவின் அகலம்.

"கோச், ஒண்ணு கேக்கலாமா? நீ வேவு பாக்க வந்தவளா?"

"வேவு பாக்கற மாதிரி உங்ககிட்ட என்ன இருக்கு?"

டெஸ் ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒரு நொடியில் நான் வியர்த்துப்போனது யாருக்கும் தெரியாது.

நகர்வுகளைச் சொல்லிக் கொடுத்தேன். ட்ராலர்ஸ் என்றால் மீன்பிடிப் படகுகள்; அதனால் அங்கே எங்கள் நகர்வுகளுக்கெல்லாம் மீன் பெயர். "ஹாடக்" என்று கத்தினால் பந்து முதல் ஆளைத் தாண்டி இரண்டாவது ஆளுக்கு. "காட்" என்றால் திருப்பி உள்ளே. எனக்குத் தெரிந்தது அவைதான். "மீன்காரி" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

முதல் ஆட்டம். ஜெயித்தோம். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கையைக் கட்டினால் கோபக்காரி மாதிரி இருக்கிறது. பாக்கெட்டில் விட்டால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. ஒரு கட்டத்தில் பந்து கீழே கிடந்தது, எடுக்க ஆள் வரவில்லை. என் கால் என்னைக் கேட்காமல் கோட்டுக்குள் போய்விட்டது. நடுவர் விசில் ஊதி வெளியே போகச் சொன்னார். பிரெண்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உனக்கு ஒரு கயிறு வாங்கணும் செல்லம்."

முன்பெல்லாம் ஆட்டம் முடிந்தால் உடம்பு முழுக்க வலிக்கும், தலை காலியாக இருக்கும். இன்றைக்கு உடம்பு அப்படியே இருக்கிறது, தலைதான் கனக்கிறது.

மார்ச் 14, சனி

கெல்சியின் தோள் மறுபடி நழுவியிருக்கிறது. இடது தோள். அலமாரி மேலிருந்து கோப்பையை எடுக்கக் கை தூக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளே சுவரில் முட்டி உள்ளே தள்ளிவிட்டாளாம். அதை என்னவோ ஜாடி மூடியைத் திருகின மாதிரி சொல்கிறாள்.

இந்தத் தோள் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். போன இரண்டு சீசனாக ஒவ்வொரு ஞாயிறும் ட்ராலர்ஸ் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தோள் நழுவாமலிருக்க நான்தான் அவளுக்கு டேப் ஒட்டி இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டேன். கிளப்பில் தெரிந்தால் ஆபரேஷன் என்பார்கள். ஆபரேஷன் என்றால் ஒரு வருஷம் போச்சு.

"புனித வெள்ளிக்கு யார்க்‌ஷயர் வட்டார டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வர்றாங்க மார்னி. என்னைப் பாக்கத்தான் வர்றாங்க. எனக்கு முப்பது ஆகப் போகுது. அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது."

"தெரியும்."

"உன் டீமுக்கு எதிராதான் ஆடணும்ங்கறதுதான் கூத்து."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு யோசித்தேன்: எதிரணிக் கேப்டனின் எந்த எலும்பு எப்போது நழுவும் என்று தெரிந்த கோச் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? நாவல்களில் வருகிறவர்களுக்கு ரகசியம் தெரிந்தால் அதை வைத்து என்ன செய்வதென்றும் கூடவே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கெல்சியின் செய்தி: "வெள்ளி காலைல உன் வீட்டுக்கு வரேன். டேப் வெச்சிருக்கியா?"

நான்: "நான் எதிர் டீம் கோச்."

அவள்: "தெரியும். டேப் வெச்சிருக்கியா?"

இருக்கிறது என்று அனுப்பினேன்.

ஏப்ரல் 3, புனித வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவேன்.

காலையில் வந்தாள். சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சட்டையைக் கழற்றினாள். தோளெலும்புக்குக் கீழே பழுத்த மஞ்சள் நிறம். தொட்டதும் இழுத்துக்கொண்டாள். முன்பு இப்படி இல்லை.

"இது போன வருஷத்தை விட மோசம், கெல்ஸ்."

"உன் கை ஜில்லுன்னு இருக்கு, அதான்."

"பொய் சொல்லாத."

"பேசாம போடு."

போட்டேன். முன்னாலிருந்து பின்னால், பிறகு குறுக்கே, அப்புறம் மேலே இறுக்கி. கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வேலை செய்யும்போது நிம்மதியாகக்கூட இருந்தது; ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக என் கைக்கு ஒரு வேலை. முடிந்ததும் அவள் என் தலைமுடியைக் கலைத்துவிட்டு, "இன்னிக்கு உங்களை உரிச்சுடுவோம்" என்று சொல்லிப் போனாள்.

கேரிசன் மைதானம் நிரம்பியிருந்தது. மேற்கிலிருந்தும் வந்திருந்தார்கள். அப்பா வரவில்லை, அல்லது வந்து எங்கேயோ ஒளிந்து நின்றார்.

முதல் பாதியைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் பெண் "ஹாடக்!" என்று கத்தினாள். எதிர்வரிசையிலிருந்து கெல்சியின் குரல்: "ஹாடக் வருதுடி, ரெண்டாவது ஆளைப் பிடி!" பிடித்தார்கள். "காட்!" "காட் வருது, உள்ள பாரு!" பார்த்தார்கள். மீன் பெயர்களைக் கொண்டுவந்து கற்றுக்கொடுத்தவள் நான்; அந்த மீன்களை ட்ராலர்ஸோடு சேர்ந்து கண்டுபிடித்தவளும் நான். இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே! ட்ராலர்ஸ் ஆதரவாளர்கள் ஒவ்வொரு தடவையும் மொத்தமாக "ஹாடக்!" என்று கூவிச் சிரித்தார்கள். பதினெட்டுக்குப் பூஜ்யம்.

இடைவேளை. அறைக்குள் நீராவியும் சேறும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. டெஸ் மட்டும் தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டே, "கோச். மீனை விடு. எங்க ஓடணும்னு மட்டும் சொல்லு. ஓடறோம்."

நான் சொன்னது இது. வார்த்தைக்கு வார்த்தை:

"கூப்பாடே வேண்டாம். எல்லாரும் ஒரே இடம். அவங்க இடது பக்கம். திரும்பத் திரும்ப இடது பக்கம்."

காரணம் இருந்தது. அவர்களுடைய இடது மூலையில் ஒரு புதுப் பெண் ஆடினாள், திரும்புவதில் தாமதம். இரண்டு தடவை ஆளைத் தப்பவிட்டிருந்தாள். எந்தக் கோச்சும் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் புதுப் பெண்ணுக்கு உள்பக்கமாக நிற்பது கெல்சி. கெல்சியைத் தாண்டாமல் அந்தப் பெண்ணிடம் போக முடியாது.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லலதானே? தோள்னு ஒரு வார்த்தை வரல. வரவே இல்ல.

ஓடினார்கள். கெல்சி ஒவ்வொருத்தியையும் விழுத்தாட்டினாள். வலது தோளைக் கொடுத்தே ஆளைப் பிடித்து மடக்கி டாக்கிள் செய்தாள். அதற்காக உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்காவது தெரிந்ததா? டெஸ்ஸுக்குத் தெரிந்திருக்குமோ? ட்ராலர்ஸ் மெல்லத் தளர்ந்தார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ஒரு டிரை போட்டோம். இன்னொன்று. பிறகு டெஸ் நேராக வந்தாள், கெல்சிக்குத் திரும்ப நேரமில்லை, இடது தோளால் வாங்கினாள்.

சத்தம் எனக்குக் கேட்டது என்று தோன்றுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்காது.

கெல்சி கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்கோட்டைப் பார்த்தாள். அவளுடைய கோச்சை இல்ல. என்னைப் பாத்தா.

அவளை வெளியே கொண்டுபோகும்போது சட்டையை வெட்டினார்கள். உள்ளே டேப். "இதை யார் போட்டது?" என்று அவர்களுடைய கோச் கேட்டது எனக்குக் கேட்டது.

"நானே போட்டுக்கிட்டேன்."

அப்படி ஒரு கட்டு யாராலும் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு இன்னும் இரண்டு டிரை. இருபதுக்குப் பதினெட்டு. நாங்கள் ஜெயித்துவிட்டோம். டெஸ் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

ஏப்ரல் 4, சனி

உலகத்தில் எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். கெல்சிக்கு மூன்று செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 8, புதன்

அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதி திறந்தார். "தூங்கறா ம்மா." மாடியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கெல்சி விளம்பரத்துக்குச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவர் முகம் சிவந்தது. என் முகமும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

யார்க்‌ஷயர் பட்டியல் வந்துவிட்டது. கெல்சி இல்லை. எங்கள் டெஸ் இருக்கிறாள்.

ஏப்ரல் 22, புதன்

நூலகத்தில் கையில் எடுத்த புத்தகத்தையெல்லாம் நடுவில் பிரித்துப் பார்க்கிறேன், எங்காவது இது எழுதியிருக்கும் என்பதுபோல. நட்பைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. போரைப் பற்றியும் நிறைய. வெள்ளி காலை சமையலறையில் ஒருத்திக்குக் கட்டுப் போட்டு, மதியம் அவள்மீது ஆளை ஏவுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஏவினேனா? அதுதான் கேள்வி. தோள் விஷயம் தெரியாமலிருந்தால் இடது பக்கம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன், புதுப் பெண்ணுக்காக. தெரிந்திருந்ததால் சொன்னேனா? தெரிந்திருந்ததால் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? அப்படி விட்டிருந்தால் டெஸ்ஸுக்கும் மற்றவர்களுக்கும் நான் என்ன? உண்மையிலேயே வேவு பார்க்க வந்தவள்.

ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் போக வழி தெரியவில்லை.

மே 7, வியாழன்

அப்பா தானாகவே பேச்சை எடுத்தார். அன்றைக்கு வந்திருந்தாராம், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாராம். "ரெண்டாவது பாதி நல்லா ஆட வெச்ச."

"கெல்சியோட தோள் போச்சுப்பா."

"ஆட்டம்னா அப்படித்தான். அவளும் உன்னை எத்தனை தடவை நசுக்கியிருப்பா, பயிற்சியில."

காலையில் டேப் போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

மே 16, சனி

கெல்சிக்கு ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆயிற்று என்று வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. இன்று அவளே போன் செய்தாள். நலம் விசாரிக்கத் தொடங்கினேன். வெட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஆமான்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. இடைவேளைல என்னைக் குறிவெச்சுச் சொன்னியா?"

"இடது பக்கம்னு சொன்னேன்."

"அது பதில் இல்ல மார்னி."

"எனக்கும் தெரியும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மே 17, ஞாயிறு

இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஆமான்னாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14, ஞாயிறு

ஜெயித்தோம். மீன் பெயர்களை எடுத்துவிட்டோம். இப்போது எல்லா நகர்வுக்கும் பிரெண்டாவின் பழைய காதலர்களின் பெயர். பிரெண்டாவே கொடுத்த பட்டியல். "நெவில்!" என்று ஒருத்தி கத்தும்போது பிரெண்டா ஒவ்வொரு தடவையும், "அவன் எங்கயும் ஓட மாட்டான், படுத்துக்கிடப்பான்" என்பார்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, சிரித்ததை கெல்சியிடம் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஜூலை 4, சனி

கோப்பையின் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். கேரிசன் பெண்கள் இதுவரை இங்கே வந்ததில்லை. கிளப் முகப்பில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயரும் இருக்கிறது, எழுத்துப் பிழையோடு.

ஜூலை 16, வியாழன்

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு டெஸ் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"கோச், யார்கிட்டயும் சொல்லாத. போன ரெண்டு ஆட்டமா இடி வாங்கினா வலது கை மரத்துப் போகுது. தோள்லேருந்து விரல் வரைக்கும். அஞ்சு நிமிஷம். அப்புறம் வந்துடுது."

"கழுத்து வலிக்குதா?"

"கொஞ்சம். டேப் போட்டா சரியாயிடும். நீ நல்லா போடுவேன்னு சொல்றாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. என் கை பைக்குள் போய்விட்டது. டேப்பை எடுத்து, முனையை நகத்தால் பிரித்தும்விட்டேன். டெஸ் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை நாளாக நான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று. தப்பு அங்க இல்ல. காலைலயே நடந்துடுச்சு. சமையல்கட்டுல. அந்த மஞ்சள் நிறத்தை என் கண்ணால பாத்தேன். தொட்டதும் அவ துடிச்சா. பாத்துட்டுக் கட்டுப் போட்டேன்.

"டெஸ், நீ சனிக்கிழமை ஆடலை."

"என்னது?"

"டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஆடலை."

"அரையிறுதி கோச்! நான் இல்லாம முன்வரிசையில யாரு?"

"யாரோ."

அவள் எழுந்து நின்றாள். அந்த அறையில் அவள் எழுந்து நின்றால் விளக்கு மறைந்துவிடும். "நீ என் இடத்துல இருந்தா ஆடியிருப்பியா மாட்டியா? நேர்மையா சொல்லு."

"ஆடியிருப்பேன்."

"அப்புறம்?"

டேப்பைப் பைக்குள் போட்டேன். அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 17, வெள்ளி

பிரெண்டா, கிளப் செயலாளர், டெஸ்ஸின் அக்கா, எனக்குத் தெரியாத இரண்டு பேர், வரிசையாகப் போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி, டெஸ்ஸை ஏன் உட்கார வைத்தாய் என்று. செயலாளர் சொன்னார்: "மேற்குலேருந்து வந்தவளுக்கு எங்க கோப்பை என்ன பெருசு."

பிரெண்டா அவரிடமிருந்து போனைப் பிடுங்கி, "நீ செஞ்சது சரியான்னு எனக்குத் தெரியல செல்லம். மாத்திக்காத" என்றார்.

ஜூலை 18, சனி

தோற்றுவிட்டோம். கடைசி நிமிஷத்தில், டெஸ் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பெண்ணைத் தாண்டிப் போய் டிரை போட்டார்கள். அந்தப் பெண் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள். டெஸ் மேட்டில் சாதாரண உடையில் நின்றாள். முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு காருக்கு வந்தால், கெல்சி. என் கார்மீது சாய்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குக் கட்டு இல்லை, ஆனால் இடது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தாள். கறுப்பு வெள்ளைத் தொப்பி. கிழக்கில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

"எல்லாரும் என்னை முறைக்கறாங்க. சிப்ஸ் கடைக்காரன் உப்பே போடலை."

"எப்படி வந்த?"

"பஸ். அந்தப் பெரிய பொண்ணு எங்க? என்னை முடிச்சவ."

"உக்கார வெச்சேன்."

"ஏன்?"

"கை மரத்துப் போகுதுன்னா. டேப் போடச் சொன்னா."

கெல்சி தின்பதை நிறுத்தினாள். காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கு என்னையும் உக்கார வெச்சிருக்கலாம்ல."

"நீ என் டீம் இல்லையே கெல்ஸ். நான் சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். உன்னைத் திட்டிட்டு, நானே டேப்பைப் பல்லால கடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன்." கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தாள். "ஆனா நான் உன் சமையல்கட்டுலதானே உக்காந்திருந்தேன்."

"ஆமா" என்றேன். மே மாதம் கேட்டதற்கும் சேர்த்து அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்ததா, தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தால் மூக்கைத்தான் முதலில் தேய்ப்பாள். தேய்த்தாள்.

"வீட்ல விடறியா? பஸ்ல இந்தத் தொப்பியோட திரும்பப் போனா உயிரோட போய்ச் சேர மாட்டேன்."

பாலத்தைத் தாண்டிப் போனோம். இறங்கும்போது, அடுத்த ஞாயிறு சாப்பிட வா என்றேன். கோழி ரோஸ்ட் செய்கிறேன் என்றேன்.

"நீயா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

ஜூலை 23, வியாழன்

பயிற்சிக்கு டெஸ் வந்தாள். கழுத்தில் தடித்த பட்டை. நேராக என்னிடம் வந்து, "டாக்டர் சீசனே முடிஞ்சுதுன்னுட்டாரு. யார்க்‌ஷயரும் போச்சு. சந்தோஷமா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றாள். நேற்று அழுத முகம். பிறகு அரையிறுதியில் அவள் இடத்தில் நின்ற பெண் டாக்கிள் செய்வதைப் பார்த்தாள், தாங்க முடியவில்லை. "இடுப்பைப் பிடிடி, இடுப்பை! கட்டிப்பிடிச்சு ஆடவா போற?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனாள்.

நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

கெல்சி வந்தாள். கோழி கருகிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.